தடை என்று போட்ட கிளையில் அவர் பெயர்

உத்திரமேரூர் பஜார் தெருவில் பைப்பும் மோட்டார் சாமானும் விற்கும் அத்தாவுல்லாவுக்கு ஊரில் எதிரி என்று யாரும் கிடையாது. கடைக்கு வருகிற விவசாயி எவ்வளவு எரிச்சலில் வந்தாலும் சிரித்துக்கொண்டுதான் திரும்பிப் போவார். கிணற்று மோட்டார் எரிந்துபோய், நாற்று காய்கிறதே என்று தவித்து வருகிறவரையும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவார். மனைவியிடம் குரலை உயர்த்தியதில்லை. மகளை ஒரு அடி அடித்ததில்லை. நல்ல மனுஷன் என்று நாலு பேர் சொல்வார்கள். அதில் அவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

மனைவி சித்தி ஜுனைதா. பிளஸ் டூவில் கணக்கில் நல்ல மார்க் எடுத்தவள். அந்த வருஷமே கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்துவிட்டாள். கடைக்குப் பின்னாலேயே வீடு. நடுவில் ஒரு கதவுதான். கடையில் பேசுகிற பேச்செல்லாம் சமையலறையில் கேட்கும். மகன் ஆசிக் சென்னையில் வேலை பார்க்கிறான். மகள் ஆஷிகா காஞ்சிபுரத்தில் பார்மசி படிக்கிறாள், தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள்.

போன மாசி மாதம், ஒரு புதன்கிழமை மத்தியானம். பள்ளிவாசலில் தொழுதுவிட்டுச் சாப்பிட வந்த அத்தாவுல்லா, கரண்ட் ஆபீஸ் அட்டையைத் தேடினார். அது எப்போதும் இருக்கும் இடத்தில் இல்லை. ஜுனைதா வாலாஜாபாத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். சில மாதங்களாகப் புதன்கிழமைதோறும் போய் வந்துகொண்டிருந்தாள். தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருந்தாள். அட்டை அவள் பக்கத்து பீரோவில் இருக்குமோ என்று, வழக்கமாகத் தொடாத அந்தக் கதவைத் திறந்தார்.

கதவின் உள்பக்கத்தில் ஒரு சார்ட் பேப்பர் ஒட்டியிருந்தது.

நடுவில் ஒரு பெரிய வட்டம். அதற்குள் ஒரு மோட்டாரின் படம். அதன் கீழே, 'காயில் கட்டணும்.' வட்டத்திலிருந்து நாலாபக்கமும் கலர் கலராகக் கிளைகள் பிரிந்து போயின. ஒவ்வொரு கிளையிலும் சின்னச் சின்னக் கிளைகள். ஆஷிகா பாடங்களை இப்படி வரைந்துதான் படிப்பாள். மைண்ட் மேப் என்பாள். மகளுடையது என்றுதான் முதலில் நினைத்தார். கையெழுத்தைப் பார்த்ததும் அது ஜுனைதாவுடையது என்று புரிந்தது.

மோட்டார் எரிந்தால் உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுருளை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்ற வேண்டும். அதைத்தான் காயில் கட்டுவது என்பார்கள். உத்திரமேரூரில் அதற்கு நம்பகமான ஆள் இல்லை. அத்தாவுல்லா காஞ்சிபுரத்துக்கு அனுப்புவார். வர நாளாகும். அதுவரை விவசாயிகள் கடையில் வந்து புலம்புவார்கள். பின்கட்டில் இருந்து இத்தனை வருஷமும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் இப்படி ஒரு ஆசையை வளர்த்திருக்கிறாள் என்பதே அவருக்கு நம்ப முடியாததாக இருந்தது.

பச்சைக் கிளையில் 'கத்துக்க: ஞானசுந்தரி அக்கா, வாலாஜாபாத், புதன்' என்று இருந்தது. பக்கத்தில் டிக். தங்கை நன்றாகத்தான் இருக்கிறாள் போலிருக்கிறது. ஊதாக் கிளையில் 'கண்ணு: கண்ணாடி.' அதற்கும் டிக். குர்ஆன் ஓத எழுத்து தெரியவில்லை என்று அவள் கண்ணாடி வாங்கிக்கொண்டது நினைவுக்கு வந்தது. 'இடம்: பின்னாடி குடோன் போதும்', டிக். 'சாமான் விலை', டிக். 'ஒரு முழு மோட்டார் தனியா கட்டிப் பாக்கணும்', அதற்கும் டிக்.

டிக் இல்லாமல் இருந்தது ஒரே ஒரு கிளைதான். இடது பக்கம், கறுப்பு மையில். 'தடை' என்று எழுதி, அதன் முனையில், 'அத்தாவுல்லா.'

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் வாயில் ஒரு தடவை கூட வராத பெயர். 'ஏங்க', 'இன்னாங்க', வெளியாரிடம் 'அவரு' அல்லது 'ஆஷிகா அத்தா.' அவ்வளவுதான். அந்தப் பெயரை அவள் முழுசாக, எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தாள். பெயரிலிருந்து மூன்று சின்னக் கிளைகள்.

'சிரிப்பார்.'

'உனக்கு எதுக்கு என்பார்.'

'கடையில் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.'

அதற்குக் கீழே 'என்ன செய்யலாம்?' என்று ஒரு கேள்வி. பதிலுக்கு விட்ட இடம் காலியாக இருந்தது.

அத்தாவுல்லா பீரோவைச் சாத்தினார். சோறு போட்டு வைத்திருந்த தட்டை மூடினார். என்ன தேடி வந்தோம் என்பதே மறந்துவிட்டது. கடைக்குப் போய் உட்கார்ந்தார். பக்கத்துப் பெருநகர் கிராமத்திலிருந்து விவசாயி எல்லப்பன் வந்து, கிணற்றுப் பைப்பின் அடியில் மாட்டும் ஃபுட்வால்வு கேட்டார். அத்தாவுல்லா எடுத்துக் கொடுத்தது பைப் எல்போ.

"இன்னா பாய், நான் இன்னா கேட்டேன், நீ இன்னா குடுக்கற? உடம்பு கிடம்பு சரியில்லியா?"

"ஒண்ணுமில்லப்பா."

"ஒண்ணுமில்லியா? வந்ததுலேர்ந்து ஒரு வார்த்த நக்கல் பண்ணல நீ. அதான் கேட்டேன்."

எல்லப்பன் சாதாரணமாகத்தான் சொன்னார். அத்தாவுல்லாவுக்கு அது சுருக்கென்றது.

சாயங்காலம் ஜுனைதா திரும்பியிருந்தாள். ஆஷிகாவும் வந்தாள். காலேஜில் கருத்தரங்கம் இருப்பதாகவும், தான் மேடையில் பேசப் போவதாகவும் சொன்னாள். "நீயா? மைக்கு பயந்து ஓடிடப் போவுது" என்றார் அவர். அவரை அறியாமலே வந்துவிட்டது. சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார். சிரித்துக்கொண்டே ஜுனைதாவின் முகத்தைப் பார்த்தார். அவளும் சிரித்தாள், எப்போதும் போல. ஆனால் கண் மகளிடம் இருந்தது. ஆஷிகா எதைப் பற்றிப் பேசப் போகிறாள் என்பதைச் சொல்லாமலே உள்ளே போனாள். இதற்கு முன் எத்தனை முறை இப்படிப் போயிருப்பாள்? அவர் ஒரு தடவை கூடக் கவனித்ததில்லை.

அன்றிலிருந்து அவருக்குத் தன் சிரிப்பே தன் காதில் விழ ஆரம்பித்தது. ஒரு நாளில் எவ்வளவு சிரிக்கிறோம், அதில் எவ்வளவு அடுத்தவர் மேல் போய் விழுகிறது என்று பார்க்கப் பார்க்க அவருக்குத் திகிலாக இருந்தது. வாயைக் கட்டிப் பார்த்தார். ஜுனைதா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சளி புடிச்சிகினு கீதா?" என்றாள்.

அடுத்த புதன்கிழமை, ஜுனைதா பஸ் ஏறின கொஞ்ச நேரத்தில், அத்தாவுல்லா கடையைப் பூட்டிவிட்டு வண்டியை எடுத்தார். வேவு பார்க்கப் போகிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் போனார். வாலாஜாபாத்தில் ஞானசுந்தரியின் பட்டறையை விசாரித்துக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. எதிரே டீக்கடை. ஒரு டீயை வாங்கிக்கொண்டு லாரியின் மறைவில் நின்று பார்த்தார்.

ஜுனைதாவின் புர்கா ஆணியில் தொங்கியது. அவள் மணைப்பலகையில் உட்கார்ந்து, மோட்டாரின் இரும்புக் கூட்டை மடியில் சாய்த்து வைத்திருந்தாள். செம்புக் கம்பியைக் கூட்டின் உள்பக்கப் பள்ளங்களில் ஒவ்வொன்றாக இறக்கி, மூங்கில் குச்சியால் அழுத்திவிட்டுக்கொண்டிருந்தாள். கை நிற்கவே இல்லை. வீட்டில் பூண்டு உரிக்கிற அதே கை. ஆனால் அவரைத் திடுக்கிட வைத்தது அது இல்லை. வேலை செய்துகொண்டே அவள் ஏதோ சொன்னாள். ஞானசுந்தரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வார்னிஷ் பூசிக்கொண்டிருந்த ஆளும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். ஜுனைதா முகத்தை மாற்றாமல் இன்னொன்று சொன்னாள். மறுபடியும் சிரிப்பு.

தன் மனைவிக்கு வேடிக்கையாகப் பேச வரும் என்பது அத்தாவுல்லாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டில் அந்த இடம் எப்போதும் அவருடையதாகவே இருந்திருக்கிறது. டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வண்டியைத் திருப்பினார். திரும்பி வரும்போது வழியெல்லாம் யாரோ தன்னை அறைந்துவிட்ட மாதிரியே இருந்தது.

அன்று சாயங்காலம் முதலில் ஆஷிகாவிடம் கேட்டார், அவள் பஸ் விட்டு இறங்கி வரும் வழியில், கடை வாசலிலேயே.

"அம்மாவோட அந்தப் படம் உனக்குத் தெரியுமா?"

ஆஷிகா ஒரு கணம் நின்றாள். "நான்தான் வரையக் கத்துக் குடுத்தேன் அத்தா."

"அதுல தடைன்னு ஒரு கிளை கீதே. அது யாரு போடச் சொன்னது?"

"அது போட்டுதான் ஆவணும். நமக்கு இன்னா வேணும், யாரு ஒத்தாசை, இன்னா தடை, எல்லாம் தெரிஞ்சாதான பிளான் பண்ண முடியும்." கொஞ்சம் தயங்கினாள். "மத்ததெல்லாம் அம்மா ரொம்ப யோசிச்சிதான் எழுதனாங்க. தடையை மட்டும் யோசிக்கவே இல்ல. மொதல்ல அதத்தான் எழுதனாங்க."

மறுநாள் காலை. நாஷ்டாவுக்கு இடியாப்பமும் பாயாவும். ஜுனைதா டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"பீரோவத் தொறந்தேன்" என்றார் அத்தாவுல்லா.

டீ டம்ளர் நிரம்பிச் சாஸரில் வழிந்தது. அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். துணி எடுத்துத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நான் உன்ன இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்த கடிஞ்சி பேசனதில்ல ஜுனைதா. கை நீட்டனதில்ல. இன்னா செய்யாதன்னு சொன்னேன் உன்ன?"

"அடிச்சிருந்தீங்கன்னா எங்கம்மா வூட்ல போயி சொல்லியிருப்பேன்" என்றாள் ஜுனைதா. "சிரிக்கிறாருன்னு யாருகிட்ட போயி இன்னான்னு சொல்றது? நானும் கூடச் சேந்து சிரிச்சிக்கினு இருந்தேன்."

அத்தாவுல்லா இடியாப்பத் தட்டை நகர்த்தி வைத்தார்.

"ஆசிக் ஸ்கூல் சேந்த வருசம். மத்தியானத்துல நான் கடையில உக்காந்துக்கவா, நீங்க கொஞ்சம் படுங்கன்னு கேட்டேன். ஞாபகம் கீதா?"

இல்லை. யோசித்துப் பார்த்தார். சுத்தமாக இல்லை.

"நீ உக்காந்தா பைப் வாங்க வரவன் பரோட்டா கேப்பான்னீங்க. அதோட வுட்டீங்களா? அப்புறம் கடைக்கு வரவங்ககிட்டல்லாம் சொன்னீங்க. உள்ள எனக்குக் கேக்கும். ஒவ்வொரு ஆளும் சிரிக்கிறது கேக்கும். அடுப்பண்டையே நின்னுக்கினு இருப்பேன்."

அத்தாவுல்லாவுக்கு வலித்தது அந்தச் சம்பவம் இல்லை, அது நினைவில் இல்லாததுதான். அவளுடைய ஒரு ஆசையை ஒரே வாக்கியத்தில் சாகடித்திருக்கிறோம், அதற்குப் பிறகு நிம்மதியாக மறந்தும் போயிருக்கிறோம். இன்னும் எத்தனையோ? கேட்கப் பயமாக இருந்தது. கேட்கவில்லை.

"குடோன காலி பண்ணித் தரேன்" என்றார் கடைசியில்.

"நான் கேக்கலியே இன்னும்."

"சரி. நீயே கேளு."

ஜுனைதா அவரை நேராகப் பார்த்தாள். "குடோன காலி பண்ணித் தரீங்களா?"

"தரேன்."

பழைய பைப் துண்டுகளையும் உடைந்த பக்கெட்டுகளையும் அள்ளிப் போட்டுக் குடோனைக் காலி செய்தார்கள். ஒரு மேசை, விளக்கு, கம்பி சுற்றும் கைமிஷின் வந்தன. முதல் மோட்டார் எல்லப்பனுடையது. ஜுனைதா கட்டினாள். அத்தாவுல்லா வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பெருநகரில் அவரே மாட்டிவிட்டு வந்தார். தண்ணீர் பீறிட்டு வந்தது. ஆனால் அந்த வாரம் முடிவதற்குள் மோட்டார் மறுபடியும் புகைந்துபோனது.

எல்லப்பன் மோட்டாரோடு வந்து கத்தினார். தெருவே திரும்பிப் பார்த்தது. "பொம்பள வெளையாட்டுக்கு என் பயிருதான் கெடச்சுதா? நாத்து காயுது பாய், ரொம்ப பேஜாரா பூடுச்சி!"

அத்தாவுல்லாவின் நாக்கு நுனிக்கு ஒரு வேடிக்கைப் பேச்சு வந்துவிட்டது. இப்படிப்பட்ட நேரத்தில் ஏதாவது சொல்லிக் கத்துகிறவனைச் சிரிக்க வைத்து, ஜுனைதாவைக் காட்டிக்கொடுத்துத் தப்பித்துவிடலாம். அது எவ்வளவு சுலபம் என்பது அவரைத் தூக்கிவாரிப் போட்டது. பல்லைக் கடித்துக்கொண்டார். கடைக்காரர்கள் எல்லோரும் சொல்கிற மாதிரி, 'வோல்டேஜ் சரியில்லப்பா' என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தார்.

அதற்குள் நடுக்கதவு திறந்தது. ஜுனைதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கடைக்குள் வந்தாள். அங்கேயே உட்கார்ந்து மோட்டாரைப் பிரித்தாள். கருகிய சுருளை விரலால் தடவிக்கொண்டே போய் ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"இங்க பாருங்கண்ணா. பள்ளத்துக்குள்ள வெக்கிற பேப்பர் ஓரத்துல கிழிஞ்சிகீது. கம்பி இரும்புல உரசிடுச்சி. என் தப்புதான். இன்னிக்கே வேற கட்டித் தரேன். அது வரைக்கும் கடையில கீற மோட்டார எடுத்துக்கினு போய் ஓட்டுங்க."

எல்லப்பனுக்கு அடுத்துக் கத்த ஒன்றும் கிடைக்கவில்லை. இத்தனை வருஷ வியாபாரத்தில் 'என் தப்பு' என்று ஒரு வார்த்தையை அந்தக் கடையில் யாரும் சொல்லி அவர் கேட்டதில்லை. அத்தாவுல்லாவும் கேட்டதில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடன் மோட்டாரை வண்டியில் ஏற்றும்போது எல்லப்பன் மெதுவாக, "பேப்பர நல்லா வெக்கச் சொல்லு பாய்" என்றார். இரண்டாவது தடவை கட்டியது இன்றைக்கும் ஓடுகிறது.

இப்போது சித்திரை வெயிலில் மோட்டார்கள் வரிசையாக வருகின்றன. மானாம்பதியிலிருந்தும் வருகிறார்கள். குடோனில் ஜுனைதா பேசுவதும், காத்திருக்கிற பெண்கள் சிரிப்பதும் கடை வரைக்கும் கேட்கிறது. "இன்னா பாய், வூட்டம்மாகிட்ட வேலைக்குச் சேந்துட்டியா?" என்று சிலர் அவரைக் கிண்டல் செய்கிறார்கள். கிண்டலை வாங்கிக்கொள்வது எப்படி இருக்கும் என்பது அவருக்குப் புதுசு. அவ்வளவு நன்றாக இல்லை என்று ஆஷிகாவிடம் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து, மகளிடம் ஒரு சார்ட் பேப்பரும் பேனாக்களும் கேட்டு வாங்கினார். மேசையில் விரித்து நடுவில் ஒரு வட்டம் போட்டார். அதற்குள் தனக்கு என்ன வேண்டும் என்று எழுத வேண்டும்.

பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கடையா? கடை இருக்கிறது, அவருடைய அத்தா வைத்துவிட்டுப் போனது. பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும், சரி, அது அவர்களுடையது. தனக்கு? ஊரில் ஒவ்வொருவரின் ஆசையையும் கேட்டுச் சிரித்தவருக்குத் தன்னிடம் அப்படி ஒன்று இருக்கிறதா என்று தேடத் தேட, கைக்கு எதுவும் அகப்படவில்லை.

ஜுனைதா கையில் வார்னிஷ் கறையோடு வந்து எட்டிப் பார்த்தாள். வட்டம் காலியாக இருந்தது.

"ஒண்ணுமே வரலியே ஜுனைதா" என்றார். "அம்பது வயசாவப் போவுது. எனக்கு இன்னா வேணும்னு எனக்கே தெரியல."

அவள் சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கும் நடுவுல எழுத ரொம்ப நாளாச்சி" என்றாள். "பேனாவ மூடி வெச்சிட்டுச் சாப்பிட வாங்க. நாளைக்கு மறுபடி பாக்கலாம்."