ராஜம்மா அக்காவின் மழைக்காலப் பெரட்டு

டிசம்பர் 14, திங்கள். காலை 5.40. போனில் ஏழு மிஸ்ட் கோல்.

ஏழும் சாந்தியிடமிருந்து. அவள் அம்மா, நம் ராஜம்மா அக்கா, போய்விட்டார்.

நெஞ்சு வலி... பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டதாம்.

தெரியாதவர்களுக்கு: ஸ்பிரிங்வெளி ரோட்டில் மூன்று ரூம் உள்ள ஒரு கெஸ்ட் ஹவுஸ். அதன் சொந்தக்காரி. தேயிலை மலையைப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களுக்கு ரொட்டி சுட்டுப் போட்டவர். அதற்கு முன் அதே மலையில் கொழுந்து பறித்தவர்.

நான் அங்கே முதலில் போனது தங்குவதற்கு அல்ல. மலைச்சரிவில் உள்ள கெஸ்ட் ஹவுஸ்களுக்கு மழையால் என்ன ஆபத்து என்று பார்த்து எழுதும் வேலை எனக்கு.

முன் ரூம் சரிவின் விளிம்பில் நின்றது. ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு முழுக்கப் பனி. கட்டிலே மிதப்பது போல இருக்கும்...

வெளியே போய்ப் பார்த்தேன். அஸ்திவாரத்துக்குக் கீழே மண்ணில் வெடிப்பு. என் கை உள்ளே போனது.

"மழைக்காலத்துல இந்த ரூம பூட்டிருங்கக்கா. யாரும் படுக்கக் கூடாது."

"பனியப் பார்க்கத்தானே தம்பி வர்றாங்க? பின் ரூம்ல என் கோழிக்கூட்டையா பார்ப்பாங்க?"

"கோழி உசிரோட இருக்குல்ல?"

முறைத்தார். டீ வந்தது, சீனி இல்லாமல். ஆனால் அடுத்த முறை போனபோது ரூமில் பூட்டு தொங்கியது. அதற்குப் பிறகு எந்த மழைக்கும் அது திறக்கவில்லை.

மழை வலுத்தால் எல்லோரையும் மேல் ரோட்டுக்கு ஏற்றி, ஆள் விட்டுப்போகாமல் எண்ண வேண்டும் என்றும் சொல்லியிருந்தேன்.

"அட, பெரட்டுன்னு சொல்லுங்க!" என்றார். தோட்டத்தில் வேலைக்கு முன் விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணுவார்களே, அது.

ஒரு சாயங்காலம் அந்தப் பெரட்டில் நானும் நின்றேன். இடுப்பு வரை பனி. போர்வை போர்த்திய வெள்ளைக்காரர்கள் வரிசையாக... முகம் தெரியவில்லை. குரல் மட்டும் மிதந்து வந்தது.

"பீட்டரு!"

"வந்தேங்க!" அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழ்.

"இன்ஜினியரு!"

நான் வாயைத் திறக்கவில்லை. இது என்ன கூத்து என்று எரிச்சல்.

"வாய் தொறக்காத ஆளுக்கு அரைச் சம்பளந்தான்!"

கடைசியில், "ராஜம்மா!" என்று தானே கூப்பிட்டு, "வந்தேங்க!" என்று தானே பதில் சொன்னார். பனிக்குள் எங்கெங்கோ சிரிப்புச் சத்தம்...

இப்போது அங்கே மூன்றாம் நாளாக மழை.

சாந்தியிடம் நான் முதலில் கேட்டது முன் ரூமைப் பற்றித்தான். திட்டுவதென்றால் திட்டிக்கொள்ளுங்கள்.

"பண்டாரவளை சொந்தக்காரங்க எல்லாம் வர்றாங்கண்ணே. வீடு கொள்ளாது. இன்னைக்கு ஒரு ராத்திரி தானே, தொறந்து விடட்டா?"

"தொறக்காத. சாவிய யார்கிட்டயும் குடுக்காத. நா வர்றேன்."

அழுதாள். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. கிளம்புகிறேன்.

1. ஆறரைக்குக் கொழும்பிலிருந்து பதுளை பஸ்.

2. போனதும் சாந்தியிடம் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போடுவது. பிறகுதான் அக்கா முகம்.

3. வெடிப்பைப் பார்ப்பது. ராத்திரி எல்லோரும் தங்க மேலே கோயில் மண்டபத்தைக் கேட்பது.

4. இருட்டுவதற்கு முன் துக்கத்துக்கு வந்தவர்களை மேல் ரோட்டில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. என் பெயருக்கு நானே சத்தமாகப் பதில் சொல்வது.

5. கடைசியாக "ராஜம்மா!" என்று கூப்பிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து, எல்லோரையும் மண்டபத்துக்குள் போகச் சொல்வது.