அத்தை பூட்டிவிட்டுப் போன ஃபோல்டர்

எங்கள் வீட்டுக் கணினி பஸ்ஸில் வந்தது. அப்பா தொழிற்சாலை பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருடைய ஒரே தங்கையான அத்தை ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் கிராணியாக, கணக்கெழுதும் வேலை பார்த்தாள்; கல்யாணமாகாமல் எங்களோடுதான் இருந்தாள். அலுவலகத்தில் புதுக் கணினிகள் வந்தபோது பழையதில் ஒன்றைக் கேட்டு வாங்கிவிட்டாள். வேலை முடிந்த பெண்களையெல்லாம் இறக்கிவிட்ட பிறகு, அப்பாவுக்குப் பின்னால் முதல் சீட்டில், சாரோங் கைலியால் கட்டப்பட்டு, அது தனியாக உட்கார்ந்து எங்கள் ஊரான குனோங் ராபாட்டுக்கு வந்து சேர்ந்தது. அம்மா அதற்கு ஆரத்தி எடுக்காத குறைதான். ஆனால் திரையின் விளிம்பில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள். கடைசிவரை அது போகவில்லை.

ஹாலில் டெலிபோன் இருந்த மேசையில்தான் இடம் கிடைத்தது. போனை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கணினியை வைத்தோம்.

எனக்கு அப்போது பத்து வயது. அதில் நான் செய்தது ஒரே வேலை, படம் வரைவது. மவுஸைப் பிடித்தால் கை நடுங்கும். நேராகப் போட நினைத்த கோடெல்லாம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சுண்ணாம்புக் குன்றுகளைப் போலவே வளைந்து நெளிந்து வரும். அதனால் குன்றுகளையே வரைந்தேன். வராததை வரைந்து அவமானப்படுவானேன்?

அண்ணனுக்குக் கார் ரேஸ் விளையாட்டு. அது வளர வளரக் கணினியில் இடம் பற்றவில்லை என்று சொல்லி, ஒருநாள் என் படங்களை ஒன்றுவிடாமல் அழித்துவிட்டான். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அப்பா அண்ணனைத் திட்டினார். அம்மா என்னைத் திட்டினாள். அத்தை மட்டும் முகம் கழுவிக்கொண்டு வந்து கணினி முன்னால் உட்கார்ந்தாள்.

"அழுவாத லா. ஆளுக்கொரு அறை கட்டிக் கொடுத்துர்றேன். அப்புறம் எவனும் எவன் சாமானத்துலயும் கை வைக்க முடியாது."

அன்று மாலைக்குள் எங்கள் ஐந்து பேருக்கும் தனித்தனி அக்கவுண்ட் தயார். கணினியைத் திறந்ததும் ஐந்து சின்னப் படங்கள் வரிசையாக வரும். அப்பாவுக்குக் கார், அண்ணனுக்கு மோட்டார் சைக்கிள், அத்தைக்கு கித்தார், எனக்கு மஞ்சள் வாத்து. அம்மாவுக்கு ஒரு பூ. அம்மா அந்தப் பூவை ஒருமுறைகூட அழுத்தியதில்லை. இருந்தாலும் அவளுக்கும் ஒன்று இருக்க வேண்டும் என்றாள் அத்தை.

ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் ஒரு ஃபோல்டர். நான் அத்தையின் தோளில் தாடையை வைத்துக்கொண்டு பார்த்தேன். ஃபோல்டருக்குள் எங்கேயோ போனால் வீட்டு ஆட்களின் பெயர்கள் வரும். யார் பெயருக்கு டிக் இருக்கிறதோ அவருக்குத் திறக்கும். டிக் இல்லாதவருக்கு ஒரு மணியடித்து, அனுமதி இல்லை என்று இங்கிலீஷில் மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிடும். என் ஃபோல்டரில் என் பெயருக்கு டிக் போட்டவள், திரும்பி என்னைப் பார்த்தாள்.

"உன் படத்தையெல்லாம் நானும் பார்க்கலாமா? உன்கிட்ட கேட்டுட்டுத்தான் போடுவேன்."

வீட்டில் என்னிடம் அனுமதி கேட்ட முதல் ஆள் அவள்தான். நான் மிகவும் யோசிப்பதுபோல் நடித்துவிட்டுத் தலையாட்டினேன். அவள் தன் பெயருக்கும் ஒரு டிக் போட்டுக்கொண்டாள்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. அவர் செமோர் பக்கம் ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தவர். "லயத்துல பதினாறு வீட்டுக்குச் சேர்த்துக்கூடப் பூட்டு கிடையாது. இங்க ஒரு பெட்டிக்குள்ள அஞ்சு பூட்டா?" என்றார். சொல்லிவிட்டுத் தன் அக்கவுண்டுக்குப் பஸ்ஸின் நம்பரையே பாஸ்வர்டாக வைத்தார். அது வாசலில் நிற்கும்போது தெருவுக்கே தெரியும்.

அத்தையிடம் ஒரு சின்ன மைக் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் பாடி, அதைக் கணினியில் பதிவு செய்வோம். போட்டுக் கேட்டால் என் குரல் எனக்கே சகிக்காது. அத்தை குரல் அவள் பேசும்போது இருப்பதைவிட மெல்லியதாக, யாரோ காதருகில் சொல்வதுபோல் வரும். அவற்றையெல்லாம் அவள் தன் ஃபோல்டரில் வைத்துக்கொண்டாள். "என்னோடதுல இருக்கட்டும். உங்கண்ணன் கை அங்க எட்டாது."

பிறகு வீட்டில் சண்டை ஆரம்பித்தது. அத்தைக்கு ஒருவரைப் பிடித்திருந்தது. அவரும் தமிழர்தான், ஆனால் சிலோன்காரர். அவருடைய அப்பாவும் தாத்தாவும் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்கள். அவர்கள்தான் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கலாம். ஆனால் வேண்டாம் என்றது எங்கள் அப்பாதான். "நாம தோட்டத்து ஆளுங்க. அவுங்க வீட்டு ஹால்ல நான் எந்த நாற்காலியில உக்காரணும்னுகூட எனக்குத் தெரியாது. நாளைக்கு அவுங்க உன்னை ஒரு சொல் சொன்னா நான் எப்படிப் போய்க் கேப்பேன்?" என்றார். பிறகு பல நாட்கள் அப்பாவும் அத்தையும் என் மூலமாகவே பேசிக்கொண்டார்கள். பசியாறச் சொல்லு என்பார் அப்பா. பசியாறியாச்சுன்னு சொல்லு என்பாள் அத்தை. நடுவில் நான் தபால்காரியாக நின்றேன். எனக்கு அது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலையில் அத்தை எனக்குத் தலை பின்னினாள். வழக்கத்தைவிட இறுக்கமாகப் பின்னினாள். வலிக்குது என்றேன். தளர்த்தவில்லை.

"தினம் படம் வரைவியா?"

"வரைவேன்."

"கணினியில எதுனாலும் உன் பேர்லயே போய்ப் பாரு. அண்ணன் பேர்ல, அப்பா பேர்ல போகாத. உன் பேர்லயே போ. என்னா?"

அண்ணனோடு சண்டை வரக்கூடாது என்பதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அன்று வேலைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. பதிவுக் கல்யாணம் முடிந்துவிட்டது என்று மட்டும் யாரோ வந்து சொன்னார்கள். எந்த ஊர் என்று சொன்னவருக்கும் தெரியவில்லை. அத்தையின் அலுவலகத்தில் கேட்டதற்கு, வேலையை விட்டுவிட்டாள் என்றார்கள்.

மூன்று நாள் கழித்து அப்பா அண்ணனைக் கூப்பிட்டு, அத்தையின் ஃபோல்டரைத் திறந்து எங்கே இருக்கிறாள் என்று பார்க்கச் சொன்னார். அண்ணன் தன் மோட்டார் வழியாகப் போனான். மணியடித்தது. அப்பாவின் கார் வழியாகப் போனான். அதே மணி. கித்தாரை அழுத்தினால் பாஸ்வர்ட் கேட்டது. தெரிந்த பெயர், தெரியாத பெயர், சாமி பெயர் எல்லாம் அடித்துப் பார்த்தான்.

"என் வீட்டுல, என் கரண்டுல ஓடுற பெட்டி, எனக்கே இல்லன்னு சொல்லுதா?" என்றார் அப்பா.

ஆமாம், சொன்னது. அந்தப் பெட்டிக்கு அத்தைதான் குடும்பத் தலைவி என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. கடைசியில் அண்ணன், "யார் பேர்லயும் திறக்காதுப்பா" என்று எழுந்துவிட்டான். யாருடைய பெயரிலும் என்றபோது அவன் பெரியவர்களைச் சொன்னான். வாத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நானும்தான். அப்பாவின் கார் போய் நின்று திரும்பிய இடத்தில் ஒரு வாத்து போய் என்ன செய்துவிடும்?

ஆனால் எனக்கு அத்தையின் குரல் வேண்டியிருந்தது. வீட்டில் அவள் பேச்சை எடுத்தாலே அம்மா கண்ணால் அடக்குவாள். அவளுடைய சீப்பு, அவளுடைய குடை, எல்லாம் அலமாரிக்குள் போய்விட்டன. நாளாக ஆக, அவள் குரல் எப்படி இருந்தது என்பது எனக்கு நழுவ ஆரம்பித்தது. முகம் நினைவுக்கு வந்தது, வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அது என்னைப் பயமுறுத்தியது. அந்த ஃபோல்டருக்குள் அவள் பாடிக்கொண்டிருக்கிறாள் என்று தெரியும். சனிக்கிழமை மத்தியானம் அப்பா பஸ்ஸோடும், அம்மா மார்க்கெட்டுக்கும், அண்ணன் பந்து விளையாடவும் போன பிறகு, பஸ் நம்பரை அடித்து அப்பாவின் பெயரில் உள்ளே போவேன். அத்தை ஃபோல்டரை அழுத்துவேன். மணியடிக்கும். இன்னொரு முறை அழுத்துவேன், மனம் மாறியிருக்குமோ என்று. பிறகு அப்பாவை மூடிவிட்டு, வாத்தை அழுத்தி என் இடத்துக்குப் போய், நேரே படம் வரைய உட்கார்ந்துவிடுவேன்.

அத்தை இருக்கும் ஊரை வரைந்தேன். எனக்குத் தெரியாத ஊர் என்பதால் அதிலும் குன்றுகள்தான் வந்தன. ஒரு வீடு, வாசலில் ஒரு பஸ்.

சில வருடங்களில் கணினி படுத்துவிட்டது. பழைய பேப்பர் வாங்கும் லாரி ஒலிபெருக்கியோடு தெருவுக்குள் வந்த ஒருநாள், அம்மா அதைப் பேப்பர் கட்டுகளோடு ஏற்றி அனுப்பிவிட்டாள். நான் பள்ளியிலிருந்து வந்தபோது மேசையில் தூசி படியாத ஒரு சதுரம் மட்டும் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு பெரியவளாகி ஒரு பழைய பெட்டிக்கு அழுகிறாளே என்று சிரித்தார்கள்.

அண்ணன் கல்யாணத்துக்கு அப்பாவே பத்திரிகை எடுத்துக்கொண்டு தைப்பிங்குக்குப் போனார். அங்கேதான் அத்தை இருந்தாள், இவ்வளவு வருடமும், எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் மத்தியானத்துக்குள் திரும்பிவிடக்கூடிய தூரத்தில். அப்பாவுக்கு அது எப்போது தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. மழையில் நனைந்து வந்தவர், "நல்ல நாற்காலிதான் போட்டாங்க" என்று அம்மாவிடம் சொன்னார்.

மண்டபத்தில் அத்தை என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். காதோரம் நரைத்திருந்தது. ஆனால் வாயைத் திறந்தாள், அதே குரல்.

"நீயும் என்மேல கோவமாத்தான் இருந்தியா?" என்றாள். "ஒரு போன்கூட பண்ணலயே."

"நம்பர் தெரியாதே அத்தை."

"பாடி வச்சிருந்தோமே, அதுக்குப் பக்கத்துலேயே சொல்லி வச்சிட்டுத்தானே போனேன்? எழுதி வச்சா மத்தவங்க பாப்பாங்கன்னு வாயாலேயே சொல்லி வச்சேன். நம்பரை ரெண்டு தடவை சொன்னேன்."

"அதுதான் திறக்கலயே. அப்பா பேர்ல பார்த்தோம், அண்ணன் பேர்ல பார்த்தோம்..."

"உன் பேர்ல?"

மேடையில் நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனது. யாரோ எங்கள் இருவருக்கும் அட்சதையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அத்தை அதைப் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"உன் பேருக்குத்தான் டிக் போட்டேன். உனக்கு மட்டும். நீ எனக்குப் போட விட்ட மாதிரி. சனிக்கிழமை மத்தியானம் வீட்டுல நீ மட்டும்தானே இருப்ப? நானே கூப்புட்டா நல்லாருக்காது, நீயாக் கூப்புடணும்னு காத்துட்டிருந்தேன். ரொம்ப நாள் சனிக்கிழமையில நான் எங்கயும் போகல லா. அவரு கோயிலுக்குக் கூப்புட்டாக்கூட போகல."

அந்த சனிக்கிழமைகளில் நான் எங்கே இருந்தேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வாத்தை அழுத்தி என் பெயரில் உள்ளே போய், அத்தை இருக்கும் வீட்டை வரைந்துகொண்டிருந்தேன். அத்தையின் ஃபோல்டர் என் பெயருக்குத் திறக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வரைந்து வரைந்து கை வலித்தால், மவுஸை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த போனின் மேல் கையை வைத்து இளைப்பாறுவேன்.