ஓரகத்திக்கு ஓர் இரைப்பை

மினாயோவுக்குக் கோழி வளர்க்கும் ஆசை ஒரு நாளும் இருந்ததில்லை. ஓரகத்தியைப் பழிவாங்கும் ஆசைதான் இருந்தது. கோழி அதில் வந்து மாட்டிக்கொண்டது.

ஓரகத்தி என்றால் கணவனின் அண்ணன் மனைவி ககேஹா. மராகோலிக் குன்றுகளில் அவளுடைய அடைக்கோழிகளுக்கு அப்படி ஒரு பேர். உருளைக்கிழங்கை வைத்தாலும் பொரித்துக் கொடுக்கும் என்பார்கள். ஊரில் யாரிடம் முட்டை இருந்தாலும் அடை வைக்க அவளிடம்தான் போக வேண்டும். பொரிந்ததில் பாதி கோழிக்காரிக்கு. அடுத்த தடவையும் அவள் வாசலில் போய் நிற்க வேண்டுமே, அதனால் அவளை எதிர்த்து ஒருத்தியும் வாய் திறப்பதில்லை.

மினாயோவின் மகள் இமாலியைப் பெண் கேட்டு ஐந்து பெரியவர்கள் வந்த அன்றும் சேவல் ககேஹாவுடையதுதான். “உன் அடுப்புல இது வேகுமாடி? குடு, நான் ஆக்கித் தரேன்” என்று அவளே சமைத்தாள். சட்டி வந்தது. பெரியவர்களில் மூத்தவரான அகேசா கரண்டியை விட்டு ஒரு முறை துழாவினார். மறுபடி துழாவினார். மூன்றாம் முறை துழாவியதில் சட்டிக்கே கூச்சம் வந்திருக்கும். இரைப்பையைக் காணோம். வந்த விருந்தாளிகளில் மூத்தவர் தட்டில் கோழியின் இரைப்பை விழவில்லை என்றால், ‘நீயெல்லாம் ஒரு ஆளா?’ என்று முகத்துக்கு நேரே கேட்டதற்குச் சமம்.

அகேசா கையிலெடுத்த உகாலிக் களி உருண்டையைத் தட்டிலேயே வைத்தார். “இரைப்பை உள்ள கோழி இந்த வீட்ல கெடச்சாச் சொல்லி அனுப்புங்கம்மா. பொண்ணப் பத்தி அப்பப் பேசிக்கலாம்.” கையைக் கழுவினார், ஐந்து பேரும் எழுந்து போனார்கள்.

“நான் என்னடி பண்ணுவேன்? அந்தச் சேவலுக்குப் பொறவியிலயே இல்லையோ என்னவோ” என்றாள் ககேஹா. சொல்லும்போதே அவள் நாக்கு கடைவாய்ப் பல்லில் எதையோ தேடிக்கொண்டிருந்தது.

பெண்பிள்ளை இரைப்பையைத் தின்னக் கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு. தின்றவள் என்று தெரிந்தால் சந்தைக்குப் போகிற பேருந்துகூட நின்று சிரித்துவிட்டுத்தான் போகும். மினாயோவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. சாட்சிதான் இல்லை. அன்றைக்கே சபதம் போட்டாள்: அடுத்த விருந்துக்கு ககேஹா வீட்டு இறகு ஒன்றுகூட வாசல் தாண்டி வரக் கூடாது, அதே விருந்தில் அந்த வாயே உண்மையைக் கக்க வேண்டும். அதுவரை இமாலியின் கல்யாணம் தொங்கட்டும்.

வானொலிப் பெட்டி பழுது பார்க்கும் லுமதேதேயிடம் போனாள். அவன் செத்துப்போன குளிர்சாதனப் பெட்டி ஒன்றைக் குடைந்து, இரண்டு குண்டு பல்பு, ஒரு வெப்பமானி, தண்ணீர்த் தட்டு எல்லாம் வைத்துப் பொரிப்புப் பெட்டி செய்து கொடுத்தான்.

“தாய்க்கோழி என்ன செய்யுமோ அதை நீங்க செய்யணும். தெனம் மூணு தடவ முட்டையப் பொரட்டணும். பதினெட்டு நாளானா நிறுத்திடணும். இருபத்தொண்ணுல குஞ்சு வரும்.”

“கொக்கரிக்கணுமா?”

“அது உங்க இஷ்டம்.”

முட்டைகளைப் பிறந்த வீட்டிலிருந்து மரத்தூளில் புதைத்து, மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். எத்தனை என்று எண்ணவில்லை. உயிருள்ளதை எண்ணினால் குறைந்துபோகும். பிறக்கப்போகிற உயிருக்கு நாள் எண்ணினாலும் அப்படித்தான். ஆனால் மக்காச்சோளத்தை எண்ணலாம், அதற்குத் தடை கிடையாது. ஆகவே தினமும் காலையில் ஜன்னலோரத் தட்டில் ஒரு சோளமணி போட்டாள். பதினெட்டு மணி சேர்ந்தால் புரட்டுவதை நிறுத்திவிடலாம்.

ஏழாவது மணி விழுந்த அன்று முட்டையைப் பல்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பு நரம்புகள் சிலந்தி வலை பின்னியிருந்தன. நடுவில் ஒரு புள்ளி துடித்தது. “வளர்றா கண்ணு, நல்லா வளரு. உன்ன வச்சுத்தான் அவளப் பழிவாங்கணும்” என்றாள். ஒரு பகல் முழுக்க மின்சாரம் இல்லை. சுடுதண்ணீர்ப் புட்டிகளைப் பெட்டிக்குள் அடுக்கி, வீட்டிலிருந்த கம்பளிகளையெல்லாம் போர்த்தி, மேலே தானும் கவிழ்ந்து கிடந்தாள். ஞாயிறு ஆராதனைக்குப் போவதையும் விட்டாள். பாதிரியார் விசாரித்தபோது, அடையில் இருப்பதாகச் சொல்லி அனுப்பினாள்.

முட்டை வைத்த ஞாயிறன்றே ககேஹா தெருவில் நின்று சிரித்திருந்தாள். “எரியற பல்பு என்னைக்குடி தாயாச்சு? மொத்தமும் கூமுட்டைதான். எண்ணி மூணாவது ஞாயித்துக்கெழம வரேன், நாத்தம் பாக்க!”

சொன்னபடியே மாதர் சங்கத்தையும் கூட்டிக்கொண்டு வந்தாள். மினாயோ அப்போதுதான் தட்டை எண்ணி முடித்திருந்தாள். பதினெட்டு மணி.

“இன்னைக்குத்தான் பதினெட்டு. கடேசிப் பொரட்டு. போய்ட்டு அப்புறமா வாங்க.”

“மூணு ஞாயிறு போயாச்சுடி! இருபத்தொண்ணு! அழுகினதுக்கு அப்புறம் எதப் பொரட்டப்போற?”

“எண்ணி வச்சிருக்கேன். தட்டப் பாரு!”

எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். ஜன்னல் கட்டையில் ககேஹாவின் கொழுத்த சேவல் நின்று, ஊருக்கே சொந்தக்காரன் மாதிரி பதினெட்டில் ஒரு மணியைக் கொத்தி விழுங்கியது. இன்னும் எத்தனை நாள் வந்து விழுங்கியிருந்ததோ.

மினாயோவின் முகம் வெளுத்தது. ககேஹா கை கொட்டினாள். “பாத்தீங்களா! எண்ணத் தெரியாதவ கோழிக்குத் தாயாம்! தெறங்கடி பெட்டிய, மூக்கப் பொத்திக்கோங்க!”

அவளே மூடியைத் தூக்கினாள். நாற்றம் வரவில்லை. கீச் என்று ஒரு சத்தம். ஈரத்தில் நனைந்த பஞ்சு போல ஒன்று ஓட்டை உதைத்துத் தள்ளிவிட்டு ககேஹாவின் முகத்தைப் பார்த்தது. இன்னொன்று. சாயங்காலத்துக்குள் பெட்டியே சந்தையானது. ஒரு சில முட்டை வாய் திறக்கவில்லை. தாய்க்கோழிக்கும் அது நடக்கிறதுதானே.

சங்கத்துப் பெண்களில் ஒருத்தி மெல்லக் கேட்டாள். “மினாயோ, என்கிட்டயும் முட்டை இருக்கு. வைப்பியா? பாதி தந்துடறேன்.”

“பாதி எதுக்கு? பல்பு தீனியா கேக்குது? முழுசா எடுத்துட்டுப் போ.”

ககேஹாவைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். மறுவாரமே ககேஹாவின் அடைக்கோழிகள் வெறும் வைக்கோலில் உட்கார்ந்து கொட்டாவி விட்டன. அவள் வாசலில் வந்து நிற்க ஆளில்லை. இந்தப் பாதிப் பழியிலேயே மினாயோவுக்குப் பசி ஆறியிருக்கலாம். ஆறவில்லை.

சேவல்கள் கூவத் தொடங்கிய மாதம் அகேசாவுக்குச் சொல்லி அனுப்பினாள். அதே ஐந்து பேர் வந்தார்கள். வீட்டுக்கு மூத்தவள் என்ற முறையில் ககேஹாவும் வந்து உட்கார வேண்டியிருந்தது. ஆறு சேவல் அடித்து, மினாயோ தன் அடுப்பிலேயே சமைத்தாள். ஐந்து தட்டில் ஐந்து இரைப்பை. அகேசா ஒன்றைக் கடித்தார், கண்ணை மூடினார், “பொண்ணப் பத்திப் பேசலாம்” என்றார்.

“பேசலாங்க ஐயா. ஒரு நிமிஷம்.”

ஆறாவது இரைப்பையைத் தட்டின் நடுவில் வைத்து, இரண்டு கையாலும் ஏந்தி, ககேஹாவின் முன்னால் மண்டியிட்டாள். “அக்கா, இது ஒங்களுக்கு.”

ஈக்கள்கூடப் பறப்பதை நிறுத்தின. மறுத்தால் மண்டியிட்டவளை அவமதித்ததாகும். எடுத்தால் கட்டுப்பாடு போகும். ககேஹா ஐந்து ஆண்களின் முகத்தையும் பார்த்தாள். மினாயோவின் முகத்தைப் பார்த்தாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. எடுத்து வாயில் போட்டு, நிதானமாக மென்று, விழுங்கினாள்.

“உப்புக் கம்மி” என்றாள், தோற்காதவள் போல.

மினாயோ பூவாய்ச் சிரித்தாள். “அப்படியா அக்கா? போன தடவை இரைப்பையில சரியா இருந்துச்சா?”

“ஆமா, அதுல நான்தானே உப்புப் போட்…”

அகேசாவின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. பிறகு அவர் தொடையில் அறைந்துகொண்டு சிரித்த சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது. ககேஹா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். மினாயோ இன்னும் மண்டியிட்டபடியே, அவள் வாசலைத் தாண்டி, தோட்டத்தைத் தாண்டி, குன்றில் இறங்கி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு அடியையும் விடவில்லை.