மாலை போட்ட பந்தாட்டக்காரர்

1961 ஆகஸ்ட் 20, ஞாயிற்றுக்கிழமைக் காலைக் கணக்குப்படி சேதுபதியிடம் 2,316 படங்கள் இருந்தன. எல்லாம் ஒன்பது பிஸ்கட் டின்களில், டின்னுக்கு நான்கு பூச்சி உருண்டை வீதம் போட்டு அடைக்கப்பட்டிருந்தன. சிகரெட் பெட்டிக்குள் வந்த அட்டைகள், தீப்பெட்டி லேபிள்கள், நடிகைகள், நீராவிக் கப்பல்கள், எந்த ஊர் என்றே தெரியாத ஒரு ரயில் நிலையத்தின் படம் மூன்று பிரதிகள்.

மனிதருக்கு வயது நாற்பத்தெட்டு. சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து, சிங்கப்பூர் கெப்பல் துறைமுகத்தில் டாலி கிளார்க் ஆனவர். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுவது வேலை. நான்கு கோடு, குறுக்கே ஒரு கோடு, ஐந்து மூட்டை. எண்ணும்போது பேசினால் கணக்கு தவறும் என்று வாயை மூடிப் பழகியவர், அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். சந்தர் ரோட்டு மாடி வீட்டில் அவரோடு இருபத்தைந்து வருடம் குடித்தனம் நடத்திய ரத்தினம்மாவுக்கு, அவருக்கு ஊரில் எத்தனை பெரியப்பா, சித்தப்பா என்பது இன்றுவரை சரியாகத் தெரியாது. இது பின்னால் பெரிய வம்பாயிற்று.

அந்த ஞாயிறு அவர் கையில் புதிதாக ஒரு சுருட்டுப் பெட்டி இருந்தது. முந்தைய புதன்கிழமை ஓர் அமெரிக்கச் சரக்குக் கப்பலில் மாவு மூட்டை இறங்கிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கப்பல்காரன் ஒருவன் சேதுபதியின் கறுப்புக் குடையையே பார்த்துக்கொண்டு நின்றான். கரைக்குப் போக வேண்டும் போலிருக்கிறது. குடையையும் சாப்பாட்டுப் பையில் இருந்த முறுக்குப் பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு, பதிலுக்கு அந்தப் பெட்டியைக் கொடுத்தான். கொடுத்துவிட்டுச் சும்மா போகவில்லை. பெட்டியில் இருப்பது யார், எவர், எந்தக் காலம் என்று இருபது நிமிடம் விளக்கமாகச் சொன்னான். சேதுபதி மரியாதையாகத் தலையாட்டினார். மழையில் அறுநூற்றுப் பதினோராவது மூட்டையோடு நின்ற கணக்கை மறக்காமல் மனதில் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு சொல்கூடக் காதில் ஏறவில்லை.

ஞாயிறு பதினோரு மணிக்கு பஃபலோ ரோட்டுக் காப்பிக்கடையில் படம் சேர்க்கிற மூன்று பேர் கூடுவது எட்டு வருட வழக்கம். சேதுபதி ஒருவர். பத்திரிகைக் கடை காதர் மைதீன் இன்னொருவர். சங்கம் என்று எதுவும் இல்லாவிட்டாலும் அதன் சட்டதிட்டம் முழுவதும் அவருடையது. மூன்றாமவர் மரியஅந்தோணி, போட்டோ ஸ்டுடியோவில் நெகட்டிவ் மேல் பென்சில் வைத்து வாடிக்கையாளரின் பருவையும் தழும்பையும் மறைக்கிறவர். சட்டம் எளிது. கையைக் கழுவ வேண்டும். படம் மேசையில் இருக்கும்வரை தே தண்ணி வரக்கூடாது. எந்தப் படமும் தன் வரலாற்றோடு வர வேண்டும். வரலாறு தெரியாத படத்தை ஒரு வருடம் கண்ணில் காட்டக்கூடாது.

சேதுபதி பெட்டியைத் திறந்தார். அறுபத்துமூன்று சின்ன அட்டைகள், சிகரெட் பெட்டி அளவு, ஐம்பது வருடத்துப் பழசு. கலர் கலராக ஆட்கள். எல்லாருக்கும் தொளதொள கால்சட்டை, முழங்கால்வரை காலுறை, தலையில் தொப்பி. அடியில் துணியில் சுற்றி ஒரு பெரிய பழுப்புப் படம். அதில் ஒரே ஓர் ஆள், முறுக்கு மீசையோடு, தோளில் ஒரு தடியைச் சாய்த்துக்கொண்டு நின்றான்.

"கிரிக்கெட்டா?" என்றார் காதர் மைதீன்.

"மட்டை உருண்டையா இருக்கே பாய்," என்றார் சேதுபதி.

"அப்ப போலீஸ்காரன்."

"இவனப் பாருங்க," மரியஅந்தோணி ஓர் அட்டையை ஓரத்தில் பிடித்துத் தூக்கினார். "ஒத்தக் கையில மட்டும் உறை. இன்னொண்ணு எங்க போச்சு?"

"சூடா எதையோ அடுப்புலேருந்து இறக்கப் போறான் லா."

"பேஸ்பால் பாய் இது," என்றார் மரியஅந்தோணி. " அமெரிக்காக்காரன் ஆட்டம். நம்ம கான்வென்ட் பொண்ணுங்க ரவுண்டர்ஸ் ஆடுதுங்கள்ல, அதோட அண்ணன்."

"இத்தனை பெரிய மீசைய வச்சுக்கிட்டு ரவுண்டர்ஸா?" காதர் மைதீன் நம்பவில்லை. "சரி, அட்டையில பேரு அச்சடிச்சிருக்கு, அறுபத்துமூணும் பாஸ். பெரிய படத்துக்கு வரலாறு சொல்லுங்க சேது."

சேதுபதி படத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். வெறும் அட்டை. "கப்பல்காரன் சொன்னான் பாய்."

"என்ன சொன்னான்?"

"அறுநூத்திப் பதினொண்ணு."

அந்த மாதிரிப் பதிலுக்குச் சட்டத்தில் இடம் இல்லை. பெரிய படத்துக்கு ஒரு வருடத் தடை விதிக்கப்பட்டது. சேதுபதிக்கு மனம் கேட்கவில்லை. பிஸ்கட் டின்னுக்குள் அடங்காத அளவு. வெளியே வைத்தால் ஈரக்காற்று தின்றுவிடும். மறுநாள் வேலைக்குப் போகும் வழியில், படங்களுக்கு மரச்சட்டம் போடும் ஜலாலுதீனிடம் கொடுத்து, "பழைய படம், மரியாதையாப் பண்ணிக் கொடுங்க," என்றார். அவரைப் பொறுத்தவரை அது நீண்ட பேச்சு.

ஜலாலுதீனுக்கு அந்தத் தொழிலில் முப்பது வருடம். இந்து வீட்டுக்காரர் ஒருவர், மீசை வைத்த ஆளின் பழைய படத்தைக் கொண்டுவந்து, மரியாதையாகப் பண்ணுங்கள் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் என்ன அர்த்தம் என்பதை யாரும் அவருக்கு விளக்கத் தேவையில்லை. நல்ல தேக்குச் சட்டம் போட்டார். சந்தனச் சீவல் மாலை சாத்தினார். மேலே சிவப்பாக ஒரு குட்டி பல்பு. கண்ணாடிமேல் நெற்றிக்கு நேராக ஒரு குங்குமப் பொட்டு. கீழே ‘தோற்றம்’, ‘மறைவு’ என்று அச்சடித்த சீட்டு. தேதிக்கு மட்டும் இடம் விட்டு வைத்தார். துக்கத்தில் இருக்கிறவரிடம் தேதி கேட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற நல்லெண்ணம்.

வியாழக்கிழமை காலை படம் வீட்டுக்கு வந்தபோது சேதுபதி கப்பலில் இருந்தார். ரத்தினம்மா பிரித்துப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஊரில் யாரோ போயிருக்கிறார்கள், இந்த மனுஷன் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. பழுப்புப் படத்தில் எல்லார் நிறமும் ஒரே நிறம்தான். அந்த ஆளின் மூக்குகூட அவளுக்குச் சேதுபதியின் மூக்காகவே தெரிந்தது. கூடத்தில் மாட்டி பல்பைப் போட்டாள். மிளகாய் கடன் வாங்க மேலே வந்த கீழ்வீட்டு அன்னம்மா அதைப் பார்த்தாள். பத்து மணிக்கு சந்தர் ரோட்டுக்கும், பதினொன்றுக்குத் தேக்கா மார்க்கெட்டுக்கும் செய்தி போயிற்று.

மாலை ஐந்தரைக்கு சேதுபதி வீட்டு வாசலில் பதினேழு ஜோடி செருப்பு கிடந்தது. அவர் கண் தானாக எண்ணிவிட்டது. உள்ளே ஓடினார். பாயில் பெண்கள், சுவரோரம் ஆண்கள், எல்லார் முகத்திலும் சோகம்.

"யாரு? யாருக்கு என்ன?" என்று கதறினார்.

பாவம், தாங்க முடியாமல் பிதற்றுகிறார் என்று நாலு பேர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். ரத்தினம்மா இருக்கிறாள், மகள் சந்திரமதி இருக்கிறாள், பிறகு யார்? யாரென்று தெரியாமலே சேதுபதி குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுது முடித்து நிமிர்ந்தபோதுதான் சுவரில் சிவப்பு விளக்கின் கீழ் முறுக்கு மீசை தெரிந்தது.

"ஐயோ, இவனா!" என்றார்.

அந்த நேரத்தில் வாசலில் பதினெட்டாவது ஜோடி செருப்பு கழன்றது. வந்தவர் சிவகாமசுந்தரி, சந்திரமதிக்கு மாமியாராக வேண்டியவர். கல்யாணச் சாமான் வாங்க சுவா சூ காங்கிலிருந்து பஸ் மாறித் தேக்காவுக்கு வந்தவருக்கு, மஞ்சள் எடைபோட்டவனே செய்தியையும் போட்டுக் கொடுத்திருந்தான்.

கல்யாணம் செப்டம்பர் பத்து. பத்திரிகை கொடுத்தாயிற்று. அதை விட்டால் புரட்டாசி வந்துவிடும். புரட்டாசி முடிவதற்குள் மாப்பிள்ளை அழகப்பன் எஞ்சினியரிங் படிக்க லண்டன் போகிறான், நாலு வருடம். மகனைத் தனியாக அனுப்பினால் வெள்ளைக்காரியோடு வருவான் என்பது சிவகாமசுந்தரியின் உறுதியான அபிப்பிராயம். இந்தக் கல்யாணம் தள்ளிப்போனால் வேறு பெண் பார்த்தாவது கட்டி அனுப்புவார். சந்திரமதியோ தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. அழகப்பனைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் மூன்று வருடம் பேசிப் பேசி சம்மதம் வாங்கியவள்.

"பங்காளி சாவுன்னா ஒரு வருஷம் நல்ல காரியம் கிடையாது. எங்க வீட்டு முறை," என்றார் சிவகாமசுந்தரி, மூக்கைச் சிந்திக்கொண்டே. "என்ன சம்பந்தி செய்யறது, நம்ம நேரம்."

சேதுபதி எழுந்து நின்றார். "சம்பந்தியம்மா, இவர் எனக்குச் சொந்தமே இல்ல. இவர் ஒரு விளையாட்டுக்காரர். அமெரிக்கா. குடைக்கு வாங்கினேன்."

"பேரு?"

"தெரியாது."

"பேரே தெரியாதவருக்குத்தான் இப்ப அந்த அழுகை அழுதீங்களா?"

"அது வந்து, நான் யாரோ செத்துட்டாங்கன்னு நினைச்சு..."

"கல்யாணம் நிக்கக்கூடாதுன்னு செத்தவரையே இல்லைன்னு சொல்றீங்களே சம்பந்தி," என்றார் சிவகாமசுந்தரி. இப்போது அவர் குரலில் சோகம் போய் வேறு ஏதோ வந்திருந்தது. "நாளைக்கு எங்களையும் இப்படித்தானே சொல்லுவீங்க?"

ஜலாலுதீனை அழைத்துவந்தார்கள். மாலை தன் கைவேலைதான் என்று அவர் ஒப்புக்கொண்டார். மரியாதையாகப் பண்ணச் சொன்னாரா என்று சிவகாமசுந்தரி கேட்டார். சொன்னார் என்றார் ஜலாலுதீன். பொய் சொல்ல அவருக்கு என்ன தலையெழுத்தா? வழக்கு அத்தோடு முடிந்தது போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருவதாகவும், அதற்குள் உண்மையைச் சொல்லிவிடும்படியும் சொல்லிவிட்டு சிவகாமசுந்தரி கிளம்பினார். சந்திரமதி அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். பேசவில்லை. அந்த வீட்டில் பேசாமல் இருப்பது எவ்வளவு பயங்கரம் என்பது அன்றுதான் சேதுபதிக்குப் புரிந்தது.

சனிக்கிழமை மத்தியானம் மூவரும் அதே கூடத்தில் தரையில் உட்கார்ந்து அறுபத்துமூன்று அட்டைகளையும் ஏழு வரிசை, ஒன்பது பத்தியாகப் பரப்பினார்கள். சுவரில் இருந்த படத்தை இறக்கி நடுவில் வைத்தார்கள்; கழற்றினால் அபசகுனம் என்று ரத்தினம்மா தடுத்ததால் மாலையோடு.

"மீசையப் பாக்காதீங்க. மீசைய மழிச்சிருப்பான்," என்றார் மரியஅந்தோணி, கண்ணில் பூதக்கண்ணாடியோடு. "காத மட்டும் பாருங்க. நெகட்டிவ்ல எத்தனை மூக்கு, எத்தனை தாடை சரி பண்ணியிருக்கேன். காத மாத்துங்கன்னு ஒருத்தனும் வந்ததில்ல."

இரண்டு மணி நேரம் தொண்ணூற்றுச் சொச்சம் காதுகளைப் பார்த்தார்கள். நாற்பத்தெட்டாவது அட்டையில் மரியஅந்தோணி நின்றார். மீசை இல்லாத ஆள். ஆனால் இடது காதின் மேல்முனை மடங்கி, அடியில் சின்ன வெட்டு. படத்திலும் அதே மடிப்பு, அதே வெட்டு. அட்டையின் கீழே ஆங்கிலத்தில் அச்சு: ஜே. டபிள்யூ. கிரம்லி.

காதர் மைதீன் எழுந்து சேதுபதிக்குக் கை கொடுத்தார். "வரலாறு கிடைச்சாச்சு. தடை ரத்து!"

"பாய், என் பொண்ணு கல்யாணம் கிடக்கு, நீங்க தடையப் பத்திப் பேசறீங்களே!"

"அதுவும் முடிஞ்ச மாதிரிதான் லா. ஆதாரம் கையில இருக்கே."

ஞாயிறு காலை சிவகாமசுந்தரி வந்தார். சேதுபதி வாழ்நாளில் பேசாத அளவு பேசினார். மரியஅந்தோணி பென்சிலால் காதைக் காட்டினார். காதர் மைதீன் பெயரை மூன்று முறை உரக்கப் படித்தார். சிவகாமசுந்தரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அட்டையை ஒரு முறை, படத்தை ஒரு முறை, சேதுபதியை ஒரு முறை பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"ஏன் சம்பந்தி இதை முதல்லயே சொல்லல? அமெரிக்காவுக்குப் போய், பேரை மாத்திக்கிட்டு, கலர்ல அட்டை அச்சடிக்கிற அளவுக்குப் பெரிய ஆளு! இவர் உங்க சொந்தம்னு சொல்லிக்க என்ன வெக்கம்?"

சேதுபதி வாயைத் திறந்தார்.

"மதம் மாறிட்டாரா? அதனாலதான் மறைச்சீங்களா? இந்தக் காலத்துல அதெல்லாம் யாரு பாக்கறா." அவர் அட்டையை இன்னொரு முறை பார்த்தார். "அது சரி, இவர் உங்களுக்கு அப்பா வழியா, அம்மா வழியா?"

சேதுபதி மறுபடி வாயைத் திறந்தார். "சம்பந்தியம்மா, நான் சொல்ல வர்றது என்னன்னா, இவர்..."

"அத்தை, அம்மா வழி," என்றாள் சந்திரமதி. தே தண்ணித் தட்டோடு அடுப்படியிலிருந்து அப்போதுதான் வந்தவள், குரல் பிசிறாமல் சொன்னாள். "அப்பாவோட அம்மாவுக்குத் தம்பி முறை."

"அடடே, அம்மா வழின்னா பங்காளி இல்லையே, மூணு நாள்தானே தீட்டு! வியாழன், வெள்ளி, சனி. நேத்தோட போச்சே!" சிவகாமசுந்தரி கன்னத்தில் கை வைத்தார். "எல்லாரும் தலைக்குக் குளிச்சாச்சா?"

"குளிச்சாச்சு," என்றாள் ரத்தினம்மா உடனே.

காதர் மைதீன் சேதுபதியின் முழங்கையைச் சுரண்டினார். "சேது, பொய் வரலாறு," என்று காதுக்குள் கிசுகிசுத்தார். "சட்டப்படி..."

சேதுபதி மகளைப் பார்த்தார். அவள் தட்டை அவர் முன்னால் கொண்டுவந்து நீட்டினாள். முதல் கோப்பையை எடுத்துச் சம்பந்தியம்மாவிடம் தானே நீட்டினார்.

"ஆமா சம்பந்தியம்மா," என்றார். "மாமா முறை."

செப்டம்பர் பத்தாம் தேதி காலை, சிராங்கூன் சாலைக் கோயில் மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. அக்டோபர் நான்காம் தேதி அழகப்பனும் சந்திரமதியும் லண்டனுக்குக் கப்பல் ஏறினார்கள்.