மதினி பிடுங்காத ரோஜாச் செடி

மதினியின் தோட்டத்தில் எல்லாம் பச்சையாக இருக்கும், நட்ட நடுவில் நின்ற ஒன்றைத் தவிர. முழங்கால் உயரத்தில் கறுத்துக் காய்ந்த நாலைந்து குச்சிகள். முள் மட்டும் அப்படியே இருந்தது. சுற்றிலும் கனகாம்பரமும் செவ்வந்தியும் டிசம்பர் பூவும் பூத்துக் கிடக்க, அது மட்டும் மொட்டையாக நிற்கும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான். "டீச்சர், அந்தச் சனியனைப் பிடுங்கிப் போட்டுட்டு வேற ஏதாச்சும் வைக்கக் கூடாதா?" என்பார்கள். "வைக்கலாம், வைக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே மதினி காபி போட உள்ளே போய்விடுவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். உங்கள் வீட்டிலா நிற்கிறது, உங்களுக்கு என்ன வந்தது என்று கேட்க நாக்குத் துடிக்கும். ஆனால் வாயைத் திறந்தால் அண்ணன் கொடுத்த வாக்கையும் சேர்த்துத் திறக்க வேண்டியிருக்கும். அதனால் நானும் காபி டம்ளரைக் கழுவப் போய்விடுவேன்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைக்கும்வரை நான் ஆமத்தூரில் அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். ஐம்பதுகளின் கடைசி அது. அண்ணன் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். மதினிக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை. அவருக்கு ஆசிரியைப் பயிற்சியில் பாடம் எடுத்த துரைசானி, சீமைக்குக் கப்பலேறும் முன் தன் தோட்டத்திலிருந்து ஒரு ரோஜாப் பதியன் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நம் ஊர்ப் பன்னீர் ரோஜா மாதிரி அது ஆளுயரத்துக்கு வளராது. குட்டையாக, அடக்கமாகப் புதர் கட்டி, ஒரு காம்பிலேயே ஏழெட்டுப் பூ கொத்தாகப் பூக்கும். குழந்தையின் உள்ளங்கை இருக்குமே, அந்த ரோஸ் நிறம். வாசனை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. துரைசானி வீட்டில் பார்த்ததைப் போலவே மதினியும் பாத்தி, வரிசை எதுவும் இல்லாமல் பூச்செடி, தக்காளி, கொத்தமல்லி எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கும்படி வைத்திருந்தார். "இது என்ன தோட்டமா, சந்தைக்கடையா?" என்று அண்ணன் கேலி செய்வார்.

எங்கள் கரிசல் காட்டு வெயிலில், கிணற்றில் பாதி நாள் உப்புத் தண்ணீர் ஊறுகிற ஊரில், சீமை ரோஜாவை வளர்ப்பதென்றால் லேசுப்பட்ட காரியமா? அரிசி கழுவிய தண்ணீர் அதற்கு. காய்கறி அலசிய தண்ணீர் அதற்கு. நான் குளித்த தண்ணீர்கூடக் கால்வாய் வழியாக ஓடி அதன் காலடியில்தான் போய் விழும். "சோப்பைக் குறைச்சுப் போடு தாயி, செடி குடிக்கணும்ல" என்று மதினி குளியலறைக்கு வெளியே நின்று குரல் கொடுப்பார். பிள்ளை இல்லாத வீடு. அந்தச் செடியின்மேல் மதினி வைத்திருந்த பிரியத்தை நாங்கள் யாரும் குறை சொன்னதில்லை.

அதற்கு மருந்து கண்டுபிடித்தவர் அண்ணன்தான். பட்டாசு மருந்தில் சேர்க்கிற வெடியுப்பு செடிக்கு நல்ல உரம் என்று அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். மூட்டையிலிருந்து தரையில் சிந்தியதைக் கூட்டி, கைக்குட்டையில் ஒரு பிடி முடிந்து எப்போதாவது கொண்டுவருவார். மதினி ஒரு சிட்டிகையைச் செம்புத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால், பத்து நாளில் செடி பொங்கிப் பூக்கும். அந்தப் பூவுக்கும் கம்பெனிக்கும் இன்னொரு சம்பந்தம் இருந்தது. மருந்து அறைக்குள் இரும்பு போகக் கூடாது. வேலைக்கு வரும் பெண்கள் கொண்டை ஊசி, வளையல், கொலுசு எல்லாவற்றையும் வாசலிலேயே கழற்றிவைக்க வேண்டும். அதைப் பார்த்து உள்ளே விடுவது அண்ணனின் வேலை. பெரிய ரோஜாவை ஊசி இல்லாமல் தலையில் நிறுத்த முடியாது. இந்தக் கொத்து ரோஜாவோ வாழைநாரால் ஒரு முடிச்சுப் போட்டால் பின்னலில் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். மதினி கொத்துக் கொத்தாகக் கட்டி அண்ணனின் சாப்பாட்டுப் பையில் வைத்து அனுப்புவார். ஏழாயிரம்பண்ணைப் பக்கமிருந்து வரும் பெண்கள், "போர்மேன் ஐயா, இன்னைக்குப் பூ இல்லையா?" என்று கேட்பார்களாம். சொல்லும்போது அண்ணனுக்கு வெட்கம் கலந்த ஒரு சிரிப்பு வரும்.

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த ஒரு வாரம் அது. அண்ணன் வழக்கம்போல ஒரு பிடி உப்பு கொண்டுவந்தார். புதிதாக வந்த லோடில் ஒரு மூட்டை தையல் விட்டு ஒழுகியதாம். மதினி ரோஜாவுக்கும் பக்கத்திலிருந்த காசித்தும்பைக்கும் கரைத்து ஊற்றினார். நாலைந்து நாளில் இலை ஓரமெல்லாம் மஞ்சளாகி, பிறகு தீயில் காட்டியதுபோலக் கருகத் தொடங்கியது. நான் வெயில் என்றேன். மதினி காலையும் மாலையும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று சாயங்காலம் அண்ணன் சைக்கிளை நிறுத்தும் முன்பே சொல்லிவிட்டார்.

"ஏங்க, முந்தி கொண்டாந்தீகளே, அந்த உப்பு இல்ல இது."

"எல்லாம் வெள்ளை உப்புதான் டீச்சர். நீ அளவு கூட்டிப் போட்டிருப்ப."

"அளவெல்லாம் அதேதான். ஊத்துன செடி ரெண்டும் கருகுது, அதுல பாஞ்ச புல்லும் கருகுது. ஊத்தாத செடியில ஒரு இலை வாடல. அங்கன போய் நீங்களே பாருங்க."

அண்ணன் போய்ப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. தீப்பெட்டி மருந்துக்குப் போகிற உப்பும் பார்வைக்கு இதே வெள்ளைதான். செடியைக் கொல்வது அது. அதைவிட, கந்தகத்தோடு அதைக் கலந்து சல்லடையில் தேய்த்தால் போதும், அறையோடு வெடித்துப் போய்விடும். சீசன் அவசரத்தில் எங்கோ லோடு மாறியிருக்க வேண்டும். அந்த மூட்டை மறுநாள் மருந்து அறைக்குப் போக இருந்தது.

அன்றிரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மூட்டையைச் சோதிக்கச் சொன்னால், பிரிக்காத மூட்டையைப் பற்றி உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கூட்டி எடுத்த குப்பையானாலும் கம்பெனி சரக்கு கம்பெனி சரக்குதான். வாசலில் நின்று மற்றவர்களின் மடியைச் சோதிக்கிற ஆள் தானே எடுத்துப்போனான் என்றால்? "வேற ஏதாச்சும் சொல்லிச் சமாளிக்க முடியாதா அண்ணே?" என்று கேட்டேன். "பொய் சொல்லி, அதை அவுக நம்பாமப் போனா, அந்தப் பொம்பளப் பிள்ளைக உசுருக்கு யாரு பதில் சொல்றது?" என்றார் அண்ணன். மதினி விடியும் முன் எழுந்து, அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்திருந்தார்.

அண்ணன் கம்பெனியில் உள்ளதை உள்ளபடி சொன்னார். மூட்டையைத் தனியே எடுத்துச் சோதித்தார்கள். மதினி சொன்னது சரி. அதற்கு அவர்கள் செய்த மரியாதை என்ன தெரியுமா? மத்தியானத்துக்குள் அண்ணனைத் திருட்டைக் காரணம் காட்டி வெளியே அனுப்பினார்கள். மூட்டை விஷயம் வெளியே தெரிந்தால் லைசென்ஸ் போகும், அத்தனை பெண்களும் கூலியில்லாமல் நிற்பார்கள், ஆகையால் வாயைத் திறக்கக் கூடாது என்று வாக்கும் வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பெண்களை நினைத்து அண்ணன் வாக்குக் கொடுத்துவிட்டார். நானாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

வேலை போனதைக்கூட அண்ணன் தாங்கிக்கொண்டார். எங்கள் சபைக் கோயிலில் நடந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஞாயிறு ஆராதனையில் காணிக்கைப் பையை வரிசை வரிசையாக நீட்டிக்கொண்டு போவது வெகுகாலமாக அவர்தான். சிவப்பு வெல்வெட் பை, நீளக் கைப்பிடி. அந்த ஞாயிறு பாட்டு ஆரம்பித்ததும் வழக்கம்போல எழுந்தார். போதகர் பார்வையாலேயே உட்காரச் சொல்லிவிட்டு, பையை வேறொருவர் கையில் கொடுத்தார். பை எங்கள் வரிசைக்கு வந்தபோது அண்ணன் காணிக்கையைப் போட்டார். மதினி பாட்டை நிறுத்தவில்லை, கண்ணீர் வழிய வழியப் பாடிக்கொண்டே இருந்தார். எப்படியாவது ஒருநாள் அந்தப் பை திரும்ப அவர் கைக்கு வரவேண்டும் என்பதுதான் அதற்குப் பிறகு மதினியின் ஒரே ஜெபம். வரவே இல்லை.

ரோஜா ஒரு மாதத்துக்குள் முழுசாகப் பட்டுப்போனது. மதினி அதைப் பிடுங்கவில்லை. பிடுங்கட்டுமா என்று நான் ஒருமுறை கேட்டபோது, "அவுகளுக்குன்னு இருக்கிற சாட்சி இது ஒண்ணுதான், இருந்துட்டுப் போகட்டும் தாயி" என்றார். அண்ணன் விருதுநகரில் ஒரு பருப்பு மில்லில் சாக்கு தைக்கப் போனார். "ஒழுகாமத் தைக்கிறேன் பாரு" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியாது. அதற்குப் பிறகு மூன்று நான்கு வருடம்தான் உயிரோடு இருந்தார். நான் நர்ஸ் வேலையில் சேர்ந்த புதிது, அண்ணனுக்கு நெஞ்சுவலி என்றுதான் எனக்குத் தந்தி வந்தது, நான் வந்தபோது சவப்பெட்டி வந்திருந்தது.

துக்கத்துக்கு ஏழாயிரம்பண்ணையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். இடுப்பில் இரண்டு வயசுப் பிள்ளை. "யாரு என்ன சொன்னாலும் எங்களுக்கு அவரு நல்ல மனுசன்தாம்மா. எம்புட்டுப் பூ கொண்டாந்து குடுத்திருக்காரு" என்று மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த மூட்டையைச் சலிக்க வேண்டிய அறையில் இருந்தவள் அவள். அது அவளுக்குத் தெரியாது. மதினி அந்தப் பிள்ளையின் தலையை வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தார். பெட்டியை மூடப்போகும் நேரத்தில் எழுந்து தோட்டத்துக்குப் போனார். காய்ந்த ரோஜாக் குச்சி ஒன்றை ஒடித்து வந்து, வாழைநார் ஒரு முடிச்சுப் போட்டு, அண்ணனின் கைக்குள் வைத்தார். குனிந்து, பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்கும்படி, "அங்கன யாராச்சும் கேட்டா இதைக் காட்டுங்க" என்றார்.

மதினியும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கம்பெனியும் இப்போது இல்லை. ஆமத்தூர் வீட்டில் நான்தான் இருக்கிறேன். மிச்சமிருந்த குச்சிகளைக் கரையான் தின்றுவிட்டது. விருதுநகரில் தொட்டிச்செடி விற்கிறவரிடம் அதே ரோஸ் நிறத்தில் அதே குட்டைச் செடி கிடைக்கிறது, பார்த்தும் இருக்கிறேன். வாங்கவில்லை. தோட்டத்தின் நடுவில் அந்த ஒரு சாண் இடம் வெறுமனேதான் கிடக்கிறது. வருகிறவர்கள் இப்போதும், "இங்க ஏதாச்சும் வைக்கக் கூடாதா?" என்று கேட்கிறார்கள். முன்பு என்ன நின்றது என்று ஒருவரும் கேட்பதில்லை. அங்கே அண்ணனிடம் யாராவது கேட்டார்களா, அவர் காட்டினாரா, எனக்குத் தெரியாது. இங்கே யாரும் கேட்கவில்லை. அதனால்தான் நானே சொல்லிவிட்டேன்.