ஜட்ஜம்மா கட்டிய பாலம்

என் அண்ணியோடு எந்த ஆட்டம் ஆடினாலும், முடியும்போது அவர் நின்றுகொண்டிருப்பார். உட்கார்ந்துதான் தொடங்குவார். பாதியில் நாற்காலியின் விளிம்புக்கு வருவார். அப்புறம் ஒரு காலை மடக்கி முழங்காலை நாற்காலியில் ஊன்றுவார். கடைசி நகர்த்தலுக்கு எழுந்தே விடுவார். ஜெயித்தாலும் தோற்றாலும் இதுதான். அண்ணன் சொல்வான்: "உங்க அண்ணி எழுந்துட்டான்னா நான் காயை மடக்கிடுவேன். எதுக்கு வம்பு?"

அவர் ஒரு பொம்மை, விளையாட்டுச் சாமான் கம்பெனியில் வேலை பார்க்கிறார். சேர்ந்தது போன் எடுக்கும் வேலைக்கு. பெட்டியில் ஒரு காய் குறைகிறது, பொம்மை கண் திறக்க மாட்டேன் என்கிறது என்று வரும் புகார்களைக் கேட்டு மாற்று அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கூப்பிட்டவர்களில் பாதிப் பேருக்குக் காய் சரியாகத்தான் இருந்தது, ஆட்டத்தில்தான் தகராறு. "மேடம், என் வீட்டுக்காரர் ஒரே தடவைல ரெண்டு கட்டம் தாண்டுறார், நீங்களே கேளுங்க" என்று ஒரு பெண் சொல்வாள். பின்னாலிருந்து "அது சட்டத்துலயே இருக்குடி!" என்று ஆண் குரல் வரும். அண்ணி இருவரையும் தனித்தனியாக விசாரிப்பார். "சார், காயைப் பழைய இடத்துல வைங்க. அம்மா, நீங்க சொன்னது சரிதான், அதுக்காக அவரைப் பாத்துச் சிரிக்காதீங்க" என்று தீர்ப்பு சொல்லி போனை வைப்பார்.

அப்படித்தான் ஆபீஸில் 'ஜட்ஜம்மா' ஆனார். ஒரு நாள் முதலாளி அந்தப் பக்கமாக வந்தவர் இரண்டு தீர்ப்புகளைக் காது கொடுத்துக் கேட்டார். "இதையெல்லாம் மொதல்லயே எழுதிப் போட்டா இவங்க போனே பண்ண மாட்டாங்களே?" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் மடித்து வைக்கிற விதித்தாளை எழுதுவது அண்ணியின் வேலையானது. யாரோ கண்டுபிடித்த ஆட்டங்களுக்கு வருஷக்கணக்காக விதி எழுதினார். இந்த வருஷம்தான் முதல் தடவையாகத் தானே ஓர் ஆட்டம் செய்தார்.

அதன் பெயர் 'அக்கரை'. பலகையில் ஓர் ஆறு. நான்கு பேர், நான்கு மர மனிதர்கள், ஆளுக்குக் கையளவு மரப்பலகைகள். முறை வரும்போது ஆற்றில் ஒரு பலகை போடலாம், அல்லது போட்டிருக்கிற பலகையில் ஓர் எட்டு வைக்கலாம், அல்லது சும்மா இருக்கலாம். யார் போட்ட பலகையிலும் யாரும் ஏறலாம். முதலில் அக்கரை சேர்ந்தவர் வெற்றி. சிக்கல் என்னவென்றால், நீங்கள் கஷ்டப்பட்டுப் போட்ட பலகையில் பின்னால் வருகிறவன் ஓசியில் நடந்து வருவான்.

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு மூன்று வருஷம் கழித்து நான் அண்ணன் வீட்டுக்கு வந்தபோது, எனக்கென்று ஒதுக்கிய கட்டிலில் பலகைத் துண்டுகள் பரவிக் கிடந்தன. "தள்ளிட்டுப் படு, கலைச்சுடாதே" என்றார் அண்ணி. மறுநாள் காலை என்னை இழுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனார். புது ஆட்டங்களை ஆடிப் பார்க்கிற சோதனை மேசையில் நான்காவது ஆளாக உட்கார்கிற பேக்கிங் அக்கா லீவு. "மூணு வருஷமா ஊர் சுத்தின கால், ஒரு வாரம் ஒரு நாற்காலியில இருக்கட்டும்" என்றார்.

சோதனை மேசை ஜன்னலோரம் இருந்தது. நடுவில் ஆறு, சுற்றிலும் டீ டம்ளர்களின் வட்ட வட்டக் கறைகள். அண்ணியைத் தவிர அங்கே இரண்டு பேர். பெட்டிகளுக்குப் படம் வரைகிற ஓவியர், எப்போதும் ஒரு விரலில் நீலம் ஒட்டியிருக்கும். அப்புறம் ஸ்டோர்கீப்பர், பெரிய உடம்பு, சின்னக் குழந்தை மனசு. பல மாதங்களாக இவர்கள்தான் 'அக்கரை'யை ஆடிக்கொண்டிருந்தார்கள். நானும் சேர்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நேரம் போனதே தெரியவில்லை. முந்திக்கொண்டு ஓடியவர் நடு ஆற்றில் மாட்டுவார், கடைசியில் நின்றவர் சந்தில் புகுந்து போவார், ஓவியர் மேசையைத் தட்டுவார், அண்ணி எழுந்து நிற்பார்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை முதலாளி முடிவெடுக்க வேண்டும். இந்தப் பருவத்தில் அச்சுக்குப் போக ஒரே ஓர் ஆட்டத்துக்குத்தான் இடம். ஒன்று 'அக்கரை', இல்லாவிட்டால் பழைய கார் ரேஸ் ஆட்டத்துக்குப் புதுப் பெட்டி. அண்ணியின் பெயர் ஒரு பெட்டியின் மேல் வருமா வராதா என்பது அதில் இருந்தது.

அதற்கு முன் ஆட்டம் சரி என்று மிஷின் சொல்ல வேண்டும். அந்தக் கம்பெனியில் செயற்கை நுண்ணறிவு ஏற்கெனவே பல வேலை பார்த்தது. பெட்டிப் படத்துக்கு மாதிரிகள் போட்டுக் கொடுத்தது, போனில் வருகிற சாதாரணப் புகார்களுக்குப் பதில் சொன்னது. ஆனால் எல்லோரும் பயந்தது அதன் மூன்றாவது வேலைக்குத்தான். விதித்தாளை மட்டும் கொடுத்தால் போதும், அது நான்கு பேராகப் பிரிந்து தனக்குத்தானே ஆட ஆரம்பிக்கும். நாம் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஆயிரக்கணக்கில் ஆடி, எங்கே ஓட்டை என்று சொல்லிவிடும். அதைப் பார்த்துக்கொள்கிற புரோகிராமர் ஒரு சின்னப் பெண், மெதுவாகப் பேசுவாள்.

திங்கள் காலை அவள் மடிக்கணினியோடு வந்து நின்றாள்.

"அக்கா, ஆட்டம் முடியவே மாட்டேங்குது."

"எந்த ஆட்டம்?"

"எல்லாமே. யாரும் பலகை போட மாட்டேங்கறாங்க. கையில வச்சுக்கிட்டு சும்மா இருக்காங்க."

திரையில் நான்கு மர மனிதர்களும் கரையில் பஸ்ஸுக்குக் காத்திருப்பது போல நின்றார்கள். ஆறு காலியாக இருந்தது.

அண்ணிக்கு முகம் சிவந்துவிட்டது. "உன் மிஷினுக்கு விளையாடத் தெரியல. நாங்க மாசக்கணக்கா ஆடறோம், ஒரு தடவை கூட இப்படி நின்னதில்ல!"

"விதித்தாள்ல இருக்கறதைத்தானே அக்கா அது ஆடுது."

"விதித்தாள் எழுதினது நான். எனக்கே சொல்றியா? உக்காரு. ஆடிக் காட்டறோம்."

ஆடினோம். புரோகிராமர் விதித்தாளை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு வரியில் விரல் வைத்துப் பார்த்தாள். ஆட்டம் ஜோராகப் போனது. ஓவியர் பாதி ஆறு கடந்துவிட்டார். ஸ்டோர்கீப்பர் கையிலிருந்த கடைசிப் பலகையையும் போட்டார். அடுத்த முறை வந்ததும் ஓவியர் முன்னால் கையை நீட்டினார். ஓவியர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தன் பலகை ஒன்றை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

"நில்லுங்க, நில்லுங்க" என்றாள் அந்தப் பெண். "இப்ப எதுக்குக் குடுத்தீங்க?"

"அவர்கிட்ட இல்லையேம்மா" என்றார் ஓவியர்.

"இல்லைன்னா?"

"இல்லைன்னா முன்னாடி நிக்கறவன் ஒண்ணு குடுக்கணும்."

"அது எந்த விதி?"

ஓவியர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி விதித்தாளை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தார், திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பின்பக்கம் வெறும் வெள்ளை. நான் என் கையைப் பார்த்தேன். அன்று காலை மற்றவர்களைப் பார்த்து அதுவும் இரண்டு தடவை நீண்டிருந்தது; இது எந்த விதி என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு மெல்ல மெல்ல வெளியே வந்தது. ஆட்டத்தை முதன்முதலாக மேசையில் வைத்த அன்று ஸ்டோர்கீப்பருக்குப் பலகை தீர்ந்துபோனது. பலகை தீர்ந்தால் அவருக்கு முகம் தொங்கிவிடும். 'நான் டீ குடிக்கப் போறேன்' என்று எழுந்துவிட்டார். ஆள் குறைந்தால் ஆட்டம் நின்றுவிடுமே என்று அண்ணி தன் பலகை ஒன்றை அவர் கையில் திணித்து உட்கார வைத்தார். மறுநாள் ஓவியர் கொடுத்தார். அப்புறம் யாருக்குக் கை காலியானாலும் நீட்டினார்கள், யார் முன்னால் நின்றாலும் கொடுத்தார்கள். கேட்டால் கிடைக்கும் என்கிற தைரியத்தில்தான் எல்லோரும் பலகையை வாரி இறைத்தார்கள். அந்தத் தைரியம் இல்லாத மிஷின், புத்திசாலித்தனமாகக் கரையிலேயே நின்றுவிட்டது.

"ஆக, என் கோபத்துலதான் ஆட்டமே ஓடுது!" என்றார் ஸ்டோர்கீப்பர், பெருமை தாங்காமல்.

"பேசாதீங்கய்யா. ஊருக்கெல்லாம் தீர்ப்பு சொன்னேன், என் வீட்டுச் சட்டத்தை எழுதாம விட்டுட்டேன்" என்றார் அண்ணி. சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சிரிப்பு அடங்குவதற்குள் பேனாவை எடுத்துவிட்டார். 'கையில் பலகை இல்லாதவர் கேட்டால், முன்னால் நிற்பவர் ஒன்று தர வேண்டும்.' மிஷினுக்குப் போட்டார்கள். நாங்கள் நான்கு பேரும் அந்தச் சின்னத் திரை முன் தலையோடு தலை முட்டிக்கொண்டு நின்றோம்.

"ஐயையோ" என்றாள் புரோகிராமர்.

நான்கு மர மனிதர்களும் கையிலிருந்த பலகைகளையெல்லாம் தங்கள் கரையோரமாகவே கொட்டிக் குவித்துவிட்டு, கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். முன்னால் போக ஒருவனும் தயாராக இல்லை. போனால் கொடுக்க வேண்டுமே!

"பிச்சை எடுக்குதுங்க!" என்று கத்தினார் அண்ணி. "நாலும் பிச்சை எடுக்குது! திருட்டுப் பய மிஷின்!"

அவர் குரலில் கோபமே இல்லை. கண் மின்னியது. வீட்டில் அண்ணன் காயை மடக்கிவிடுவான், இங்கே ஓவியர் விட்டுக்கொடுத்துவிடுவார். இது எதையும் விட்டுக்கொடுக்காத எதிராளி.

அடுத்த நாள்களில் அண்ணி தரையில் நடக்கவில்லை. பல் தேய்க்கும்போது ஒரு விதி வரும். நுரையோடு வந்து சொல்வார். ஆபீஸ் போனதும் மிஷினுக்குப் போடுவார்கள். டீ ஆறுவதற்குள் அது உடைத்துவிடும். ஆட்டத்துக்கு ஒரே தடவைதான் கேட்கலாம் என்றார். மர மனிதர்கள் அந்த ஒரு தடவையைக் கடைசி வரை பத்திரமாக வைத்துக்கொண்டு மறுபடி கரையில் நின்றார்கள். கொடுத்தவருக்கு ஓர் எட்டு இலவசம் என்றார். இரண்டு பேர் மாறி மாறிக் கொடுத்து வாங்கி, சோடியாக ஓடியே போய்விட்டார்கள். "அடேங்கப்பா, கூட்டுச்சதி!" என்று அண்ணி கைதட்டினார். தோற்றுக்கொண்டே இருக்கிறவர் இப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை மதியம் வரை எந்த விதியும் நிலைக்கவில்லை. முதலாளி ஒரு முறை எட்டிப் பார்த்து, "ஜட்ஜம்மா, கார் ரேஸ் பெட்டிக்குப் படம் ரெடியா வச்சுக்கச் சொல்லட்டுமா?" என்றார். ஓவியர் குனிந்துகொண்டார். படம் போட வேண்டியவர் அவர்தான்.

"நாளைக்கு வரைக்கும் சொல்லாதீங்க சார்" என்றார் அண்ணி. முதல் தடவையாக அவர் குரல் இறங்கியிருந்தது.

மனசு கேட்காமல் சும்மா ஓர் ஆட்டம் போட்டோம், பழைய பழக்கப்படியே. ஸ்டோர்கீப்பர் கையை நீட்டினார். ஓவியர் பலகையைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அங்க வைக்காதே, என் வழியை அடைக்காதே. ஓரமா வை."

"குடுத்துட்டே இல்ல, வாயை மூடு. எங்க வைக்கணும்னு எனக்குத் தெரியும்."

"பலகை என்னது!"

"கை என்னது!"

"நிறுத்துங்க!" அண்ணி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "திருப்பிச் சொல்லுங்க. பலகையை யார் சொல்ற இடத்துல வைக்கணும்?"

"நான் சொல்ற இடத்துல" என்றார் ஓவியர், பயந்துபோய்.

அண்ணி எழுதவே இல்லை. புரோகிராமரிடம் ஓடிப்போய் வாயால் சொன்னார்: "கை காலியானவன் கேக்கலாம். முன்னாடி நிக்கறவன் குடுக்கணும். ஆனா எங்க போடணும்னு குடுத்தவன்தான் சொல்லுவான். போடு, போடு, சீக்கிரம்!"

போட்டாள். முதல் ஆட்டத்திலேயே ஒரு மர மனிதன் ஆற்றில் இறங்கினான். பின்னாலேயே மற்றவர்கள். பிச்சை எடுக்க யாருக்கும் ஆசையில்லை, ஏனென்றால் வாங்கினால் கொடுத்தவன் தனக்கு வசதியான இடத்தில்தான் போட வைப்பான். முன்னால் போகவும் பயமில்லை, ஏனென்றால் கொடுப்பதே ஓர் ஆயுதம். ஒருவன் மாட்டினான், கேட்டான், கோணல் மூலையில் ஒரு பலகை கிடைத்தது, அதிலிருந்து குறுக்கே தாவி முந்திவிட்டான். ஆட்டம் முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. எண்கள் ஓட ஆரம்பித்தன. நான்கு பேரும் ஏறக்குறைய சமமாக ஜெயித்தார்கள்.

"உடைக்க முடியலக்கா" என்றாள் அந்தப் பெண். மெதுவாகப் பேசுகிறவள் கத்திவிட்டாள். "அதால உடைக்க முடியல!"

ஸ்டோர்கீப்பர் அண்ணியைத் தூக்காத குறை.

வெள்ளிக்கிழமை கண்ணாடி அறை. அதுதான் அந்தக் கம்பெனியின் கடைசிச் சோதனை. வெளியாள் ஒரு குடும்பத்தை உள்ளே உட்கார வைத்து, பெட்டியையும் விதித்தாளையும் மட்டும் கொடுப்பார்கள். ஆட்டம் செய்தவர் கண்ணாடிக்கு வெளியே நிற்கலாம். வாய் திறக்கக் கூடாது, சைகை காட்டக் கூடாது. அப்பா, அம்மா, பெரிய பெண், சின்னப் பெண் என்று நான்கு பேர் வந்தார்கள். முதலாளி கைகட்டி நின்றார்.

பெரியவள் விதித்தாளைச் சத்தமாகப் படித்தாள். அப்பா பாதியிலேயே "புரிஞ்சுது, புரிஞ்சுது" என்றார். அண்ணி பல்லைக் கடித்தார். ஆடினார்கள். முதலில் மந்தமாகத்தான் போனது. அம்மா கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது சின்னவளுக்குப் பலகை தீர்ந்தது. கையை நீட்டினாள். முன்னால் நின்ற அப்பா ஒரு பலகையைக் கொடுத்துவிட்டு, யாருக்கும் உதவாத ஒரு மூலையை விரலால் காட்டினார்.

"அப்பா! அது அநியாயம்!"

"விதிம்மா, விதி. குடுத்தவன் சொல்ற இடம்."

"ஏங்க, குழந்தைகிட்ட இப்படியா?" அம்மாவின் கைப்பை மூடிக்கொண்டது. நாற்காலியை இழுத்து முன்னால் வந்தாள். "பாப்பா, நீ அங்க வை. அதுல ஏறி இந்தப் பக்கம் வா, நான் போட்ட பலகை இருக்கு. அவரை நம்ம பாத்துக்கலாம்."

"ஏய், கூட்டு சேரக் கூடாது!"

"எங்க எழுதியிருக்கு? காட்டுங்க!"

பெரியவள் விதித்தாளைப் பிடுங்கித் தேடினாள். அப்பா எழுந்தே விட்டார். சின்னவள் மூலையில் கிடந்த பலகையில் ஏறி, அம்மாவின் பலகைக்குத் தாவினாள். கண்ணாடி தாண்டி எங்களுக்குக் கூச்சல் கேட்டது.

அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். "அண்ணி, வலிக்குது" என்றேன். "வலிக்கட்டும்" என்றார், கண்ணை எடுக்காமல்.

முதலாளி கண்ணாடிக்கு இன்னும் கிட்டே வந்தார். உள்ளே அப்பாவின் மர மனிதன் அக்கரைக்கு மூன்று எட்டு தூரத்தில் கை காலியாக நின்றான். இப்போது அவருக்கு முன்னால் நிற்பது சின்னப் பெண். அவர் தலையைக் குனிந்துகொண்டு மகள் முன்னால் கையை நீட்டினார். அவள் எங்கே போடச் சொல்லலாம் என்று நிதானமாக ஆற்றைப் பார்த்தாள்.

முதலாளி போனை எடுத்து அச்சகத்தைக் கூப்பிட்டார். "கார் ரேஸை நிறுத்தி வைங்க" என்றார். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு அண்ணி பக்கம் திரும்பி, "எங்க போடச் சொல்லப் போறா அவ?" என்று கேட்டார்.

"ஸ்ஸ்! பேசக் கூடாது சார்" என்றார் அண்ணி.