காலுறையில் வந்த புல்

2006 ஆகஸ்ட் 13, ஞாயிறு, காலை 9.40. ஏரிக்கரைக் காப்புக்காட்டின் தாவரப் பதிவேட்டில் 412ஆம் எண் அப்போதுதான் ஏறியது. ‘கண்டவர்’ என்ற கட்டத்தில் மீட்டர்காரரின் மனைவி பெயர்.

வீடு வீடாக மின்சார மீட்டர் பார்த்து ஓய்வுபெற்றவர் என்பதால் அவர் எல்லோருக்கும் மீட்டர்காரர். ஞாயிறுதோறும் காட்டில் செடியும் காளானும் குறிக்கிற பத்துப் பேர் குழுவில் இருவரும் இருந்தார்கள். இவருக்குச் செடி, மனைவிக்குக் காளான் என்று பாகப்பிரிவினை. அன்று சிமெண்ட் பெஞ்சருகே மண்டியிட்டு ஒரு காளானின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி, “இங்க வாங்க, உங்க இலாகாவுல ஒண்ணு இருக்கு. கண்ண எங்க வச்சிருந்தீங்க?” என்றார்.

கொக்கி விதைப் புல். அந்தக் காட்டில் அதுவரை யாரும் பார்க்காதது. மனைவி கண்ட ஒரே செடியும் அதுதான்.

பெஞ்சில் உட்கார்ந்துதான் எல்லோரும் காலுறையில் ஒட்டிய விதைகளைப் பிய்த்துப் போடுவார்கள். “உங்க கால்லயே ஒரு தோட்டம் இருக்கு” என்று திட்டிக்கொண்டே கணவருக்கும் சேர்த்துப் பிய்ப்பார் மனைவி. மனைவி இறந்து ஆறு வருடமாகிறது.

போன மாதம் துணி துவைக்கும்போது காலுறையில் ஒரு விதை. மீட்டர்காரர் லென்ஸை வைத்துப் பார்த்தார். அதே கொக்கி. அந்தக் காலுறையைப் போட்டிருந்த அன்று அவர் வீட்டுக் கொல்லையைத் தாண்டவே இல்லை. ஊர்ப் புல்லையெல்லாம் குனிந்து பார்த்தவர், சைக்கிள் நிறுத்தும் கொல்லையில் அதே புல் மண்டிக் கிடந்ததைப் பார்த்ததில்லை. காட்டின் வரைபடத்தை விரித்தார். அந்தப் புல் இருந்த பதினேழு இடங்களும் குழு உட்காரும் இடங்கள். பாதையை விட்டு உள்ளே ஒரு புல்கூட இல்லை.

காட்டில் தானாக முளைத்தவற்றின் பட்டியல் அச்சுக்குப் போகவிருந்தது. பதிவேட்டை வைத்திருக்கும் மருந்துக்கடைக்காரம்மாவிடம் போய் விஷயத்தைச் சொல்லி, 412ஐ அடித்துவிடச் சொன்னார்.

“யாருக்கு அண்ணே தெரியப்போகுது? அண்ணி பேரு இருந்துட்டுப் போகட்டுமே.”

மீட்டர்காரர் 412 இருந்த பக்கத்தைப் புரட்டினார்.

“மீட்டர்ல ஓடினதத்தானே எழுதணும் தங்கச்சி? அவ இருந்திருந்தா இந்நேரம் என்னைக் கிழிச்சிருப்பா. கணக்கெடுக்கறோம்னு வந்து, இருபது வருஷமா களை விதைச்சுட்டுப் போயிருக்கோம்.”

“அப்ப நீங்களே அடிங்க. என்னால முடியாது.”

பேனாவை வாங்கி, அளவுகோல் வைத்து, அவரே அடித்தார்.

விதை முற்றுமுன் புல்லை வேரோடு பிடுங்குவதென்று குழு முடிவு செய்திருக்கிறது. அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தொடங்குகிறார்கள். முடிய மூன்று வாரமாகும்.